வேன் டார்க் ரூமில் 4×5 என்லார்ஜர்: பிரிண்ட் கெட்டால் எங்கிருந்து தேடுவது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேனுக்குள் டார்க் ரூம் கட்டி, பள்ளிக்கூடங்களுக்கும் திருவிழாக்களுக்கும் கொண்டுபோய்ப் பிரிண்ட் போட்டுக் காட்டும் வேலையில் திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகளை இங்கே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்களிடம் 4×5 அங்குல என்லார்ஜர் (நெகட்டிவ்வைப் பேப்பரில் பெரிதாக்கி விழவைக்கும் கருவி), 135 அல்லது 150 மி.மீ. லென்ஸ், பழைய பல்புக்குப் பதிலாக நீங்களே கட்டிய எல்.இ.டி. தலை, 12 வோல்ட் பேட்டரி, வேரியபிள் காண்டிராஸ்ட் பேப்பர் (வெளிச்சத்தின் நிறத்தைப் பொறுத்துக் காண்டிராஸ்ட் மாறும் பேப்பர்) இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

வீட்டு டார்க் ரூமில் பிரிண்ட் கெட்டால் பேப்பரையும் டெவலப்பரையும் சந்தேகப்படுவோம். வேனில் முதலில் வேனைத்தான் சந்தேகப்பட வேண்டும். எல்.இ.டி. தலைமேல் போடுகிற பழியில் பெரும்பகுதி வயருக்கும் பேட்டரிக்கும் ஸ்பிரிங்குக்கும் சேர வேண்டியது. புதிய எல்.இ.டி. வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர், ஒரு தெர்மாமீட்டர், ஒரு கிரெய்ன் ஃபோகஸர் (விழும் படத்தின் கூர்மையைப் பெரிதாக்கிப் பார்க்கும் லென்ஸ்), ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

## ஒரே நெகட்டிவ், ஒரே நேரம்; ஆனால் ஒரு பிரிண்ட் கருப்பு, ஒன்று வெளுப்பு

கோளாறு வெளிச்சத்திலா டெவலப்பரிலா என்று முதலில் பிரித்துவிடுங்கள். காலையில் ஒரு பேப்பர் துண்டுக்கு எக்ஸ்போஷர் கொடுத்து (என்லார்ஜர் வெளிச்சம் காட்டி), டெவலப் செய்யாமல் கருப்பு உறையில் போட்டு வையுங்கள். மதியம் அதே நெகட்டிவ், அதே உயரம், அதே நேரம் வைத்து இன்னொரு துண்டு. இரண்டையும் ஒரே தட்டில் ஒன்றாகப் போட்டு டெவலப் செய்யுங்கள். இரண்டும் ஒன்றுபோல வந்தால் விளக்கு சரியாக இருக்கிறது, மாறுவது டெவலப்பர். வித்தியாசம் தெரிந்தால் விளக்கு.

### விளக்கு மாறுகிறது, இன்ஜின் ஓடும்போது பிரிண்ட் கருக்கிறது

வேன் டார்க் ரூமில் அதிகம் வருவது இதுதான். இன்ஜின் நிற்கும்போது நல்ல லெட்-ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும்போது அது 13.8 முதல் 14.4 வரை ஏறும். 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.இ.டி.களை வரிசையாகக் கோர்த்து ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். அந்த மூன்றுமே ஒன்பது வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது மூன்று வோல்ட்டுக்குள்தான். கரன்ட் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது அந்த மிச்சம். பேட்டரியில் இரண்டு வோல்ட் ஏறினால் மிச்சம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது, வெளிச்சமும் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடுகிறது. கண்ணுக்கு இது பெரிதாகத் தெரியாது. பேப்பருக்கு அரை ஸ்டாப்புக்கும் மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது).

எப்படிப் பார்ப்பது: மல்டிமீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைக்காதீர்கள். என்லார்ஜர் தலையின் டெர்மினலில், விளக்கு எரியும்போது வையுங்கள். இன்ஜின் நிறுத்தி ஒரு அளவு, ஓடவிட்டு ஒரு அளவு, தண்ணீர் பம்பும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடும்போது ஒரு அளவு. மூன்றும் கால் வோல்ட்டுக்கு மேல் விலகினால் காரணம் கிடைத்துவிட்டது.

செலவில்லாத வழி, பிரிண்ட் போடும்போது இன்ஜினை நிறுத்துவது, பம்பை அணைப்பது. அடுத்தது வயர். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் ஐந்து மீட்டர் போய் ஐந்து மீட்டர் திரும்பி வரும் பாதையில் 8 ஆம்பியர் ஓடினால் சுமார் 1.4 வோல்ட் வயரிலேயே தொலைந்துவிடும். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.35 வோல்ட்டுக்குள் நிற்கும். என்லார்ஜருக்கு ஃபியூஸ் பாக்ஸிலிருந்து தனி லைன் இழுங்கள், பம்போடு பங்கு போடக் கூடாது. மூன்றாவது, நிரந்தரத் தீர்வு: பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர். உள்ளே 11 வந்தாலும் 14.5 வந்தாலும் வெளியே 12.0 மட்டும் கொடுக்கும். தலைக்கு வேண்டிய வாட்டைப்போல ஒன்றரை மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். எனக்குக் கேட்டால் வேன் டார்க் ரூமில் லென்ஸுக்கு அடுத்து முக்கியமான பொருள் இதுதான்.

கன்வெர்ட்டர் போட்ட பிறகும் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.8க்கு மேல் காட்டினால் ரெகுலேட்டர் போயிருக்கலாம். அது பேட்டரியையே கெடுத்துவிடும். அங்கே நிறுத்திவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோங்கள்.

### விளக்கு மாறுகிறது, நேரம் ஆக ஆக பிரிண்ட் வெளுக்கிறது

தலை சூடாகிறது. எல்.இ.டி. சூடேறினால் வெளிச்சம் குறையும். குளிர்ந்த தலையில் ஒரு துண்டு, ஐந்து நிமிடம் எரியவிட்ட பிறகு ஒரு துண்டு எடுத்து ஒன்றாக டெவலப் செய்து பாருங்கள். ஸ்ட்ரிப்பை பிளைவுட்டிலோ ஃபோம் ஷீட்டிலோ ஒட்டியிருந்தால் அதை எடுத்து 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒட்டுங்கள். அதுவும் போதவில்லை என்றால் பின்பக்கம் துடுப்பு வைத்த ஹீட் சிங்க். சின்ன ஃபேன் வைக்கிறவர்களும் உண்டு. நான் வைப்பதில்லை; அது தலையை அதிரவைக்கும், தூசியையும் உள்ளே இழுக்கும்.

### எக்ஸ்போஷர் ஐந்து நொடிக்குக் குறைவாக இருக்கும்போது மட்டும் மாறுகிறது

உங்கள் தலை பேட்டரியில் இல்லாமல் 230 வோல்ட் டிரைவரில் (கரன்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) ஓடுகிறது, அந்த டிரைவரை டைமர் அணைத்து எழுப்புகிறது என்று அர்த்தம். பல டிரைவர்கள் ஸ்விட்ச் போட்ட பிறகு அரை நொடி யோசித்துத்தான் எரியும், அணைத்த பிறகும் ஒரு கணம் மங்கலாக நிற்கும். டிரைவரை எப்போதும் ஆனில் விட்டுவிட்டு, அதற்கும் எல்.இ.டி.க்கும் நடுவே டி.சி. பக்கத்தில் ரிலே வையுங்கள். அது முடியாதபோது லென்ஸை எஃப் 16க்கு மூடி நேரத்தைப் பத்து நொடிக்கு மேல் கொண்டுபோங்கள்.

### டெவலப்பர் மாறுகிறது

ஏப்ரல், மே மாதம் அரூரிலோ ஊத்தங்கரையிலோ வெயிலில் நின்ற வேனுக்குள் டெவலப்பர் 32 டிகிரி காட்டுவது சாதாரணம். 20 டிகிரியில் ஒன்றரை நிமிடம் ஆகிற பிரிண்ட் அதில் அரை நிமிடத்தில் கருத்துவிடும்; அதைப் பயந்து சீக்கிரம் தூக்கினால் திட்டுத் திட்டாகச் சேறு பூசியது போல இருக்கும். 20 டிகிரியைத் துரத்தாதீர்கள், ஐஸ் உருக உருக அது ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். 25, 26 டிகிரியில் நிலையாகப் பிடித்து, அதற்கேற்ற நேரத்தை ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் கண்டுபிடித்து அதையே வைத்துக்கொள்ளுங்கள். தெர்மாகோல் பெட்டிக்குள் பெரிய தட்டு, அதில் தண்ணீர், அதன்மேல் டெவலப்பர் தட்டு, தண்ணீரில் பாலிதீன் பையில் கட்டிய ஐஸ். டிசம்பரில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாலையில் போனால் இதே கோளாறு தலைகீழாக வரும்; அதே தட்டில் வெந்நீர் ஊற்றினால் போதும்.

## நடுவில் அடர்த்தி, மூலைகளில் வெளுப்பு. அல்லது பட்டை பட்டையாக

நெகட்டிவ்வை எடுத்துவிடுங்கள். லென்ஸை எஃப் 11க்கு மூடி, கடினமான கிரேடு (காண்டிராஸ்ட் அளவு; எண் ஏற ஏறக் கடினம்) வைத்து, வெறும் வெளிச்சத்தில் ஒரு பேப்பரை இளஞ்சாம்பலாக அடியுங்கள். வெறும் கண்ணில் தெரியாத ஏற்றத்தாழ்வு அதில் துல்லியமாக வந்துவிடும். இப்போது எல்.இ.டி. தலையை மட்டும் 90 டிகிரி திருப்பி வைத்து இன்னொன்று அடியுங்கள்.

### வெளுத்த இடமும் கூடவே திரும்பினால் கோளாறு தலையில்

முதலில் செத்த எல்.இ.டி. தேடுங்கள். கன்வெர்ட்டரை ஒன்பது வோல்ட்டுக்கு இறக்கினால் எல்.இ.டி.கள் கண் கூசாமல் மினுக்கென்று எரியும், ஒவ்வொன்றையும் எண்ணலாம். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் ஒன்று போனால் அது சேர்ந்த வரிசையின் மூன்றும் சேர்ந்தே அணையும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்கலாம்.

எல்லாம் எரிகிறது, ஆனாலும் பட்டை தெரிகிறது என்றால் ஓபல் அக்ரிலிக் (வெளிச்சத்தைப் பரப்பும் பால்வெள்ளைத் தகடு) எல்.இ.டி.க்கு மிக நெருக்கமாக இருக்கிறது. மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள ஸ்ட்ரிப்பில் ஒன்றுக்கொன்று இடைவெளி 17 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அக்ரிலிக் குறைந்தது 25 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும், 40 இருந்தால் நிம்மதி. நடுவில் உள்ள பெட்டியின் உட்சுவர் வெள்ளையாக, பளபளப்பு இல்லாமல் இருக்கட்டும். அப்படியும் பட்டை போகாவிட்டால் முதல் ஓபலுக்குக் கீழே இடைவெளி விட்டு இரண்டாவது ஓபல் போடுங்கள். வெளிச்சம் குறையும், எல்.இ.டி.க்கு அது ஒரு பொருட்டில்லை. கீழ் ஓபலை நெகட்டிவ்வை ஒட்டி வைக்காதீர்கள், அதன் மேலுள்ள தூசியும் பிரிண்டில் விழும்.

மூலைகள் மட்டும் வெளுத்தால் எல்.இ.டி. பரப்பு சிறியது. 4×5 நெகட்டிவ்வுக்கு 4×5 பரப்பு போதாது. 6×7 அங்குலமாவது வேண்டும். ஓரங்களில் இன்னும் ஒரு வரிசை நெருக்கமாகப் போட்டால் மூலைகள் எழும்பும்.

### தலையைத் திருப்பியும் வெளுத்த இடம் நகரவில்லை

லென்ஸைப் பாருங்கள். 105 மி.மீ. லென்ஸ் 6×9 செ.மீ. நெகட்டிவ்வுக்கானது, 4×5ஐ மூடாது. சரியான லென்ஸாக இருந்தும் ஒரே பக்கம் வெளுத்தால் பெல்லோஸ் (லென்ஸுக்கு மேலுள்ள மடிப்புத் துருத்தி) தொங்கி ஒளிப்பாதையில் நீட்டிக்கொண்டிருக்கலாம். நெகட்டிவ் இருக்கிற இடத்திலிருந்து கீழே எட்டிப் பார்த்தாலே தெரியும்.

## காண்டிராஸ்ட் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை

வேரியபிள் காண்டிராஸ்ட் பேப்பரில் நீல வெளிச்சம் கடினமாக, பச்சை வெளிச்சம் மென்மையாக வேலை செய்யும். இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் தலையில் எந்த எல்.இ.டி. என்று பாருங்கள்.

### வெள்ளை எல்.இ.டி., ஃபில்டர் போட்டும் கடினம் ஏறவில்லை

வார்ம் ஒயிட் ஸ்ட்ரிப் வாங்கியிருப்பீர்கள். அதில் நீலம் குறைவு. 4, 5ஆம் கிரேடு ஃபில்டர் போட்டால் நேரம் நீண்டுகொண்டே போகும். கூல் ஒயிட் மாற்றினால் சரியாகிவிடும்.

### நீலம், பச்சை தனித்தனி; பச்சையை மட்டும் எரித்தும் மென்மை வரவில்லை

எங்கிருந்தோ நீலம் கசிகிறது. ரிமோட் வைத்த கலர் கன்ட்ரோலரில் பச்சை மட்டும் என்று அழுத்தினாலும் சிலதில் நீலம் லேசாக எரிந்துகொண்டிருக்கும். நீல வயரைக் கழற்றிவிட்டு ஒரு பிரிண்ட் போட்டால் உண்மை தெரியும். கழற்றியும் அப்படியே இருந்தால் உங்கள் பச்சையே நீலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பச்சை. அதன் கீழே மஞ்சள் ஃபில்டர் ஒன்று போடுங்கள்.

### எல்லா நெகட்டிவ்வும் ஒரு கிரேடு சப்பையாக வருகிறது

இது கோளாறே இல்லை. கண்டன்ஸர் தலையை (லென்ஸ்களால் வெளிச்சத்தைக் குவிக்கும் பழைய தலை) எடுத்துவிட்டு பரவலான வெளிச்சம் தருகிற தலை வைத்தால் சில்வர் நெகட்டிவ் ஏறக்குறைய ஒரு கிரேடு மென்மையாகத்தான் விழும். முன்பு 2இல் போட்டதை 3இல் போடுங்கள். கீறலும் தூசியும் குறைவாகத் தெரிவது இதில் கிடைக்கிற லாபம்.

## பிரிண்ட் மங்கல், கூர்மை இல்லை

கிரெய்ன் ஃபோகஸரில் பார்க்கும்போதே கூர்மை வரவில்லையா, ஃபோகஸரில் கூர்மை இருந்தும் பிரிண்டில் இல்லையா என்று முதலில் பிரியுங்கள்.

### ஃபோகஸரில் கூர்மை, பிரிண்டில் மங்கல்: அதிர்வு

பேஸ் போர்டின் மேல் ஒரு தட்டையான தட்டில் அரை விரல் தண்ணீர் ஊற்றி, என்லார்ஜர் விளக்கைப் போடுங்கள். தண்ணீரில் பட்ட வெளிச்சம் வேன் கூரையில் விழும். கூரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு பையன் படியில் கால் வைத்தால் அந்த வெளிச்சம் நடுங்கும். நான்கு வழிச்சாலையில் லாரி போனால் நடுங்கும். நடுக்கம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். பேப்பர் வைத்த பிறகு அத்தனை நொடி காத்திருந்துதான் டைமரைத் தட்ட வேண்டும்.

அப்புறம் நான்கு மூலைகளிலும் சேசிஸுக்கு ஜாக்கி கொடுத்து ஸ்பிரிங்கின் மேல் பாரம் இல்லாமல் செய்யுங்கள். எக்ஸ்போஷரின்போது யாரும் ஏற இறங்கக் கூடாது. அதுவும் போதவில்லை என்றால் கல். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைகளில் மிஞ்சிய துண்டுக் கல் மலிவாகக் கிடைக்கும். இரண்டடிக்கு இரண்டடி, 20 மி.மீ. கனமுள்ள துண்டு இருபது கிலோ வரும். அதன்மேல் என்லார்ஜர் தூணை போல்ட் போட்டு, கல்லுக்கு அடியில் கனத்த ரப்பர் வையுங்கள். தூணின் மேல்முனையை வேன் சுவரில் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கல் ரப்பரில் மிதக்க, தூண் மட்டும் சுவரோடு ஆடினால் நிலைமை முன்னைவிட மோசம். நெகட்டிவ், லென்ஸ், பேப்பர் மூன்றும் ஒன்றாக ஆடினால் படம் கெடாது. தனித்தனியாக ஆடினால்தான் கெடும். ஆகவே சுவரில் கட்டினால் ரப்பரை எடுத்துவிடுங்கள், ரப்பர் வைத்தால் சுவரைத் தொடாதீர்கள்.

### ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மங்கல்

அஞ்செட்டி மலைப்பாதையில் ஏறி இறங்கி வந்த வண்டியில் இது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். நெகட்டிவ் தளம், லென்ஸ் தளம், பேஸ் போர்டு மூன்றும் இணையாக இல்லை. பேப்பரையெல்லாம் பெட்டியில் மூடிவிட்டு, போனில் உள்ள லெவல் ஆப்பை மூன்று தளங்களிலும் ஒரே திசையில் வைத்துப் பாருங்கள். வேன் சாய்ந்து நிற்கும் என்பதால் பூஜ்ஜியம் வர வேண்டிய அவசியமில்லை. மூன்றிலும் ஒரே எண் வந்தால் சரி. லென்ஸ் போர்டு திருகுகளை இறுக்கி, தேவைப்பட்டால் ஒரு மூலையில் மெல்லிய பித்தளைத் தகடு செருகுங்கள். ஒவ்வொரு ஊரிலும் வண்டி நின்றதும் முதல் வேலையாக இதைப் பார்ப்பது நல்லது. தூணே வளைந்திருந்தால் கையால் நிமிர்த்த முயல வேண்டாம். ஓசூரில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை, அங்கே கொடுங்கள்.

### ஃபோகஸ் செய்த ஒரு நிமிடத்தில் நடுப்பகுதி மட்டும் மங்குகிறது

4×5 ஃபிலிம் பெரியது, கண்ணாடி இல்லாத கேரியரில் (நெகட்டிவ்வைப் பிடிக்கும் சட்டம்) சூட்டில் நடு வயிறு எழும்பும். விளக்கை அரை நிமிடம் எரியவிட்டு, அது எழும்பி முடித்த பிறகு ஃபோகஸ் செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கண்ணாடிக் கேரியர். மேல் கண்ணாடி ஆன்டி-நியூட்டன் வகையாக இருந்தால், ஃபிலிம் கண்ணாடியைத் தொடும் இடத்தில் தோன்றும் வளையங்கள் வராது.

## வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் சாம்பல்

பிரிண்டின் விளிம்பைப் பாருங்கள். ஈசலின் (பேப்பரைத் தட்டையாகப் பிடிக்கும் சட்டம்) பட்டையால் மூடியிருந்த விளிம்பு வெள்ளையாகவும் படத்துக்குள் மட்டும் சாம்பலாகவும் இருந்தால், பேப்பர் ஈசலில் இருந்தபோது வந்த வெளிச்சம் அது: லென்ஸில் படலம், அல்லது தலையின் இடுக்கிலிருந்து கசிந்து வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பியது. லென்ஸைத் துடைத்து, என்லார்ஜருக்கு மேலும் பின்னும் மேட் கருப்பு அடியுங்கள். லென்ஸுக்குள் பூஞ்சை நூல் நூலாகத் தெரிந்தால் நீங்கள் பிரிக்க வேண்டாம், பழைய லென்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

விளிம்பும் சேர்ந்து சாம்பலாக இருந்தால் வரிசையாக இப்படிப் பாருங்கள்.

முதலில் வேன். உச்சி வெயிலில் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, உள்ளே எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாக முளைக்கும்: கதவு ரப்பர் மடங்கிய மூலை, ரிவெட் ஓட்டை, தரையில் தண்ணீர் வடிகிற துளை, எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கைகளின் நடு. தெரிகிற இடத்தையெல்லாம் தடவிப் பார்த்து சாக்பீஸால் வட்டம் போடுங்கள். இன்வெர்ட்டரின் பச்சை லைட்டு, சார்ஜரின் நீல லைட்டு இவற்றின் மேல் கருப்பு டேப் ஒட்டுங்கள். அப்படியே என்லார்ஜர் லென்ஸையும் கீழிருந்து நிமிர்ந்து பாருங்கள். 230 வோல்ட் தலையில் ஸ்விட்ச் நியூட்ரல் வயரில் போட்டிருந்தால், அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக உயிரோடு இருக்கும். ஸ்விட்சை ஃபேஸ் வயருக்கு மாற்றுவதுதான் தீர்வு, அதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

இரண்டாவது சேஃப் லைட், அதாவது பேப்பரைப் பாதிக்காத டார்க் ரூம் விளக்கு. வெள்ளை எல்.இ.டி.மேல் சிவப்பு உறை போட்ட பல்புகளை நம்பாதீர்கள், சிவப்பாகவே எரிகிற எல்.இ.டி. வேண்டும். சோதனை: முழு இருட்டில், பேப்பர் லேசான சாம்பல் ஆகிற அளவுக்கு மட்டும் என்லார்ஜரில் எக்ஸ்போஷர் கொடுங்கள். அப்புறம் சேஃப் லைட்டைப் போட்டு, பேப்பரின்மேல் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து ஏழு நிமிடம் விடுங்கள். டெவலப் செய்தபின் நாணய வட்டம் தெரிந்தால் சேஃப் லைட் பாதுகாப்பில்லை. முன்கூட்டி வெளிச்சம் காட்டாத பேப்பரில் இந்தச் சோதனை செய்தால் ஏமாந்துபோவீர்கள். தனியாகப் பட்டால் பதியாத மெல்லிய வெளிச்சம்கூட ஏற்கெனவே எக்ஸ்போஷர் ஆன பேப்பரைக் கருக்கிவிடும்.

மூன்றாவது பேப்பர். முழு இருட்டில் ஒரு தாளை இரண்டாகக் கிழித்து, ஒன்றை நேராக ஹைப்போவில் (படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர்) போடுங்கள், இன்னொன்றை டெவலப் செய்து ஹைப்போவில் போடுங்கள். இரண்டாவது சாம்பலாக வந்தால் பேப்பர் சூட்டில் கெட்டிருக்கலாம். அதே டெவலப்பரில் புதிய பாக்கெட் பேப்பரைப் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கோடையில் பேப்பரை வேனில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

## வெள்ளைப் புள்ளி, வெள்ளைப் படலம்

பிரிண்டில் வெள்ளைப் புள்ளி நெகட்டிவ் மேலுள்ள தூசி. குவாரிச் சாலைகளில் போய் வந்த வேனுக்குள் துடைப்பம் போடாதீர்கள், ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். கருப்புப் புள்ளி என்றால் நெகட்டிவ்விலேயே ஓட்டை. படம் எடுக்கும்போது ஃபிலிம்மேல் இருந்த தூசி அது, பிரிண்டில் திருத்துவது கடினம்.

நெகட்டிவ் காய்ந்ததும் சுண்ணாம்பு பூத்தது போல இருந்தால் போர் தண்ணீர். இங்கே பல ஊர்களில் தண்ணீர் கடினமானது. டெவலப்பர் கரைக்கவும் கடைசி அலசலுக்கும் பேட்டரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள், நடுவில் உள்ள அலசல்களுக்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் கிடைத்தால் அதுவே போதும். ஏற்கெனவே படிந்ததை ஒன்றிரண்டு சதவீத அசிட்டிக் ஆசிட் கரைசலில் நனைத்து, மறுபடி அலசினால் போய்விடும். தீர்ந்துபோன ஹைப்போவை வயலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள், அதில் வெள்ளி இருக்கிறது. கேனில் சேர்த்து, வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடம் கொடுங்கள்.

## விளக்கு மினுக்குகிறது, அணைந்து அணைந்து எரிகிறது

முதலில் ஃபியூஸ் ஹோல்டரும் கனெக்டரும். வேன் குலுங்கியதில் தளர்ந்திருக்கும். தொட்டுப் பார்த்தால் சுடுகிற கனெக்டர்தான் குற்றவாளி. அதை வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள். அடுத்து எர்த், அதாவது பாடியில் போல்ட் போட்ட இடம். பெயின்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். அதற்கடுத்து கன்வெர்ட்டர்: சூட்டில் தானாக அணைந்து, ஆறினதும் எரியும்.

பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால், ஃபியூஸ் இரண்டாவது தடவையும் போனால், ஈரக் கையால் என்லார்ஜரைத் தொடும்போது சுருக்கென்றால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, வெளிக் கரன்டையும் பிடுங்கிவிட்டு எல்லாரையும் இறக்குங்கள். பெரிய ஃபியூஸ் மாற்றிப் பார்க்கிற வேலை வேண்டாம். பள்ளியிலிருந்து 230 வோல்ட் இழுக்கிற வேனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் தானே கரன்டை அணைக்கும் ஸ்விட்ச்) இருந்தே ஆக வேண்டும். அது விழுந்தால் எந்த லைனில் கசிகிறது என்று எலக்ட்ரீஷியன் மெக்கர் (கசிவு கண்டுபிடிக்கும் மீட்டர்) வைத்துச் சொல்கிற வரை அந்த வேனில் பிரிண்ட் போடாதீர்கள்.